ஓர் இலைக்கு மூன்று வெளிச்சம்: திருகோணமலையில் இலைகளை மிக அருகில் படமெடுக்க ஒரு வழிகாட்டி

வாதுமை மரத்தடியில் சிவந்து விழுந்து கிடக்கும் இலை ஒன்றைப் பொறுக்கி எடுங்கள். காலை ஏழு மணி வெயில் போதும். முதலில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று, இலையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். சிவப்புத்தான், ஆனால் மேலே ஒரு வெள்ளை மினுக்கம் படர்ந்து நிறத்தை மூடி நிற்கும். இனி வெயில் ஒரு விளிம்பால் ஏறி இலையை உரசிக்கொண்டு போகிற மாதிரித் திருப்புங்கள். நரம்புகள் மேடாகும், சுருக்கங்களுக்கு நிழல் விழும், பூச்சி அரித்த ஓட்டையின் ஓரம்கூடத் தெரியும். கடைசியாக இலையைச் சூரியனுக்குக் குறுக்கே தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள். மினுக்கமும் இல்லை, மேடுபள்ளமும் இல்லை. சிவப்பு தணல் மாதிரி எரியும், நரம்பு வலை முழுவதும் மையால் வரைந்ததுபோல வந்து நிற்கும்.

இலை அதேதான், வெளிச்சம் வந்த திசைதான் மாறியது. முதலாவது முன்வெளிச்சம், இரண்டாவது பக்கவெளிச்சம், மூன்றாவது பின்வெளிச்சம். இந்த வழிகாட்டியில் பாதி விஷயம் இது. மற்றப் பாதி காற்று. திருகோணமலையில் இருப்பவர்களுக்கு அதை நான் விளக்கத் தேவையில்லை.

லென்ஸ் வாங்கக் காசு சேர்க்கத் தொடங்குவதற்கு முன், இந்தக் கைச்சோதனையை ஒரு கிழமைக்குச் செய்து பாருங்கள். கையில் அகப்படும் ஒவ்வோர் இலையையும் மூன்று விதமாகத் திருப்பிப் பார்த்து, எந்த வெளிச்சத்தில் இது நன்றாக இருக்கிறது என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அது பழகிவிட்டால் கமரா வேலை சுலபம்.

எந்த இலையை எடுப்பது

இலையின் வயதைச் சொல்ல நம்மிடம் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என்று வரிசையாகச் சொற்கள் இருக்கின்றன. படமெடுப்பவருக்கு இந்த வரிசை நல்ல கைகாட்டி, ஏனென்றால் ஒவ்வொரு வயதுக்கும் ஒவ்வொரு வெளிச்சம் ஒத்துப்போகும்.

மா, அரசு, வேம்பு மூன்றிலும் தளிர் செம்பு நிறத்தில் வரும். பச்சையம் இன்னும் நிறையவில்லை, அந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி மேலோங்கி நிற்கிறது. தோலும் மெல்லியது. அதனால் தளிரைப் பின்வெளிச்சத்தில் எடுங்கள். முற்றிய இலையில் மெழுகுத்தோல் தடித்துவிடும், மினுக்கம்தான் தொல்லை. அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். பழுக்கும்போது பச்சையம் உடைந்து போக, முன்பே உள்ளே இருந்த கரோட்டினாய்டு மஞ்சள் வெளியே தெரியும். வாதுமை இன்னும் ஒரு படி போய், உதிரும் நேரத்தில் சிவப்பையும் கூட்டிக்கொள்ளும். நரம்போரம் பச்சை, நடுவில் மஞ்சள், விளிம்பில் சிவப்பு என்று மூன்றும் ஒன்றாய் நிற்கும் இலை கிடைத்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதை எடுங்கள். மூன்று நாளில் அது மண்ணிறமாகிவிடும். சருகில் நிறம் முடிந்துபோன கதை, ஆனால் இழைநயம், அதாவது மேற்பரப்பின் மேடுபள்ளமும் சுருக்கமும், முழுவதும் இருக்கும். அதற்குப் பக்கவெளிச்சம்.

எங்கே தேடுவது? தூரம் போகவேண்டாம், குசினியில் தொடங்குங்கள். கறிவேப்பிலை ஒன்றை யன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைக்குள் ஊசியால் குத்தியதுபோல ஒளிப்புள்ளிகள் நிறைந்திருக்கும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள், வாசம் அங்கிருந்துதான் வருகிறது. தேசி இலையிலும் வில்வ இலையிலும் அதே புள்ளிகள் உண்டு. மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். மெக்ரோ படத்துக்கு, அதாவது மிக அருகில் எடுக்கும் படத்துக்கு, இதைவிடச் சுலபமான, அதே நேரம் பார்ப்பவர் ஆச்சரியப்படுகிற பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரை மணலில் அடம்பன் கொடி படர்ந்து கிடக்கும். ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்று பழமொழியில் கேட்டிருப்போம், இலையைக் குனிந்து பார்த்திருக்க மாட்டோம். ஆட்டுக்குளம்பு மாதிரி நுனி இரண்டாகப் பிளந்த தடித்த இலை, நடுநரம்பில் மடிந்து நிற்கும். பக்கத்தில் இராவணன் மீசைப் புல்லும் இருந்தால் முழங்காலைக் கவனித்து ஊன்றுங்கள். குத்தினால் படமெடுக்கும் ஆசையே போய்விடும்.

கிண்ணியாவிலும் நிலாவெளிக் களப்போரங்களிலும் நிற்கும் கண்ணா மரம் இன்னொரு விருந்து. வேர் உறிஞ்சிய உப்பின் ஒரு பகுதியை அது இலை வழியாக வெளியே தள்ளும். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகு இலையின் மேல் உப்புப் பரல்களைக் காணலாம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தும் பார்க்கலாம். மாரியில் மழை கழுவிவிடும், அதனால் இதைக் கோடையில் தேடுங்கள்.

பிரெட்ரிக் கோட்டைக்குள் பெருமரங்கள் இருக்கின்றன, உதிர்ந்த இலைக்குப் பஞ்சமில்லை. உள்ளே இராணுவமும் இருப்பதால் கமராவை நிலத்துக்கும் இலைக்கும் மட்டும் காட்டுவது நல்லது. அங்கே வேறொரு பிரச்சினை எனக்கு நடந்தது. நல்ல அரசிலை ஒன்றைக் கல்லின் மேல் வைத்து, அரை மணி நேரம் செலவழித்துக் கமராவை நிறுத்தி, லென்ஸ் துடைக்கும் துணியை எடுக்கப் பைக்குள் கைவிட்டுத் திரும்பினால், அந்தப் பக்கம் உலாவுகிற புள்ளிமான் ஒன்று இலையை மென்றுகொண்டு என்னைப் பார்த்தது. கோட்டைக்குப் போனால் இரண்டு இலை எடுத்து வையுங்கள்.

கோணேசர் கோயில் சூழலில் மரத்தில் கைவைக்க வேண்டாம், விழுந்தது போதும். புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அங்கிருந்து ஓர் இலைகூட எடுத்துவரக் கூடாது, இருந்த இடத்திலேயே எடுக்கலாம்.

நேரமும் காற்றும்

நம்முடைய கரை கிழக்குக் கரை என்பதை ஒரு கருவியாகவே பயன்படுத்தலாம். சூரியன் கடலிலிருந்து ஏறும். காலையில் கடலைப் பார்த்து உட்கார்ந்தால் இலைக்குப் பின்வெளிச்சம். கடலுக்கு முதுகு காட்டினால் முன்வெளிச்சம். கரை ஓடும் திசையைப் பார்த்துத் திரும்பினால் பக்கவெளிச்சம். ஒரே அடம்பன் கொடியைச் சுற்றி மூன்று இடத்தில் உட்கார்ந்தால் மூன்று பாடமும் முடிந்துவிடும். ஆறரையிலிருந்து எட்டரை வரைதான் இந்த வசதி. பிறகு சூரியன் தலைக்கு ஏறிவிடும், மணல் கண்ணைக் கூசவைக்கும்.

மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று. பகலில் வெளியே இலைப்படம் எடுக்க நினைப்பதே வீண், விடியற்காலையில் மட்டும் கொஞ்சம் அடங்கியிருக்கும். ஒக்டோபருக்குப் பிறகு வாடையும் மழையும். மழை விட்ட அடுத்த காலை, காற்று எழுமுன் போனால் தூசி கழுவிய இலை கிடைக்கும். என் கணக்கில் தை, மாசி மாதங்கள்தான் இந்த வேலைக்குப் பொற்காலம். மாரி ஓய்ந்து பச்சை நிறைந்திருக்கும், வெயிலும் இன்னும் கொடுமை ஆகியிருக்காது.

காற்று ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று ஒரு கணக்கில் சொல்கிறேன். உண்மை அளவில், அதாவது இலையின் ஒரு மில்லிமீற்றர், கமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சரிலும் ஒரு மில்லிமீற்றராக விழும்படி எடுத்தால், ஃபுல் ஃபிரேம் என்ற பெரிய சென்சர் கமராவின் படத்துக்குள் அடங்குவது 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும்தான். இலை ஒரு மில்லிமீற்றர் ஆடினாலே படத்தின் உயரத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்கு நகர்ந்துவிட்டது. கண்ணுக்கு அசையாத இலை கமராவுக்குக் கூத்தாடும்.

இதற்குச் சிறந்த மருந்து, விழுந்த இலையை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான். ‘இயற்கையில் இருந்தபடியே எடுக்கவேண்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. பூச்சிக்கு அது சரி. இழைநயப் படத்தில் சுற்றுப்புறமே தெரியப்போவதில்லை, பிறகு எதற்கு மணலில் உருண்டு கஷ்டப்படுவது? மரத்திலேயே எடுக்கவேண்டிய தளிர் என்றால், காம்புக்குச் சற்றுத் தள்ளி உடுப்புக் கிளிப் ஒன்றால் கிளையைப் பிடித்து, கிளிப்பை ஒரு கம்பியில் கட்டி நிலத்தில் குத்துங்கள். காற்று வரும் பக்கம் குடையை விரித்துப் படுக்க வையுங்கள். ஷட்டர் வேகம் 1/250 விநாடிக்குக் குறையவேண்டாம். அதற்குப் பிறகும் காத்திருக்கத்தான் வேண்டும். இரண்டு வீச்சுக்கு நடுவில் காற்று ஒரு மூச்சு விடும், அந்த நேரத்தில் அமுக்குங்கள்.

எதனால் எடுப்பது

போன் இருந்தால் போனிலேயே தொடங்குங்கள். மெக்ரோ முறை உள்ள நல்ல போன்கள் பெரும்பாலும் அகலக்கோண லென்ஸை வைத்து இரண்டு மூன்று சென்ரிமீற்றர் வரை நெருங்கும். அவ்வளவு நெருங்கினால் போனின் நிழலே இலையில் விழும் என்பதுதான் குறை. பின்வெளிச்சமும் பக்கவெளிச்சமும் போனுக்குப் பொருந்தும், முன்வெளிச்சம் பொருந்தாது. விலை குறைந்த போன்களில் தனியாக ஒட்டியிருக்கும் 2 மெகாபிக்சல் ‘மெக்ரோ கமரா’வை மறந்துவிடுங்கள். பிரதான கமராவால் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து வெட்டிக்கொள்வதே அதைவிடத் தெளிவாக வரும். போனில் கவ்வவைக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கினால் நல்ல முன்னேற்றம் தெரியும்.

லென்ஸ் கழற்றும் கமரா இருந்தால் வழிகள் பல. 50 மில்லிமீற்றர் லென்ஸுக்கும் கமராவுக்கும் இடையில் 25 மில்லிமீற்றர் நீட்டிப்புக் குழாய் வைத்தால் உருப்பெருக்கம் உண்மை அளவில் பாதி கூடும். நீட்டிய தூரத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் (இங்கே 25ஐ 50ஆல்) வகுத்தால் கணக்கு வரும். குழாய்க்குள் கண்ணாடி இல்லை, அதனால் விலையும் குறைவு. லென்ஸின் தரமும் கெடாது, கொஞ்சம் வெளிச்சம் மட்டும் குறையும். என்னிடம் யாராவது கேட்டால் முதலில் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

பழைய 50 மில்லிமீற்றர் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி வளையத்தில் மாட்டினால் ஏறக்குறைய உண்மை அளவு கிடைக்கும். 28 மில்லிமீற்றர் லென்ஸைத் திருப்பினால் அதன் இரு மடங்கு வரை போகலாம். மிகச் சிக்கனமான வழி, படமும் நன்றாக வரும். ஆனால் லென்ஸின் பின்கண்ணாடி வெளியே திறந்து நிற்கும். கடற்கரையில் இதை முயற்சிக்க வேண்டாம், உப்பும் மணலும் நேரே அங்கே போய் உட்காரும். உண்மையான மெக்ரோ லென்ஸ் வாங்க வசதியிருந்தால் 90 அல்லது 100 மில்லிமீற்றர் பாருங்கள். இலைக்கும் லென்ஸுக்கும் இடையில் வெளிச்சம் நுழைய இடம் கிடைக்கும்.

இதோடு ஒரு முக்காலி, ஒரு எல்ஈடி ரோச் லைட், ஒரு கண்ணாடித் துண்டு, வெள்ளைக் கடுதாசி, செலோடேப். நிலத்தோடு வேலை செய்ய முக்காலியைவிட, பயறு நிரப்பித் தைத்த சின்னத் துணிப்பை வசதி. கமரா அதில் கோழி அடைகாப்பது மாதிரி அமர்ந்துவிடும்.

இலையும் சென்சரும் சமாந்தரமாக

தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். உண்மை அளவில், எஃப் 8 துவாரத்தில் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் ஓட்டை சின்னதாகும்), தெளிவாக விழும் ஆழம் சுமார் ஒரு மில்லிமீற்றர். எஃப் 16 வைத்தால் இரண்டு மில்லிமீற்றர். இலை தட்டையானது என்று நினைத்துக் கொஞ்சம் சாய்த்து எடுத்தால், ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பனி மூடியதாகவும் வரும்.

‘அப்போ எஃப் 22க்குப் போனால் என்ன?’ என்று கேட்பீர்கள். இவ்வளவு நெருக்கத்தில் துவாரம் எழுதியிருப்பதுபோல வேலை செய்வதில்லை. உண்மை அளவில் எஃப் 8 என்பது நடைமுறையில் எஃப் 16 மாதிரி, எஃப் 16 என்பது எஃப் 32 மாதிரி. அந்தச் சின்ன ஓட்டையில் ஒளி விளிம்பு வளைந்து படம் முழுவதும் மெழுகாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை நில்லுங்கள். ஆழம் போதாவிட்டால் இலையைச் சமாந்தரமாக்குவதே வழி.

இதற்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. இலையை மேசையில் விரித்துக் கண்ணாடித் துண்டால் அமுக்குங்கள், அல்லது ஓரங்களைச் செலோடேப்பால் ஒட்டுங்கள். அதன் மேல் முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்றை வையுங்கள். கமராவை மேலேயிருந்து கீழ்நோக்கி நிறுத்தித் திரையைப் பாருங்கள். கண்ணாடியில் உங்கள் லென்ஸின் வட்டம் தெரியும். அந்த வட்டம் படத்தின் சரியான நடுவுக்கு வரும்வரை முக்காலியைச் சரிசெய்யுங்கள். வந்துவிட்டால் சென்சரும் இலையும் சமாந்தரம். கண்ணாடியை எடுத்துவிட்டு எடுக்கலாம். நீர்மட்டம் பார்க்கிற எந்தக் கருவியையும்விட இது நம்பகமானது.

குவியத்தைக் கையால் வையுங்கள். தானியங்கிக் குவியம் இந்தத் தூரத்தில் முன்னும் பின்னும் அலையும். லென்ஸ் வளையத்தைத் தேவையான உருப்பெருக்கத்தில் நிறுத்திவிட்டு, கமராவை முழுதாக முன்னே பின்னே நகர்த்தித் தெளிவைப் பிடிப்பது நல்லது. திரையில் பெரிதாக்கி, நடுநரம்பில் ஒரு மயிரைத் தேடுங்கள். அது தெளிந்தால் சரி. அமுக்கும்போது கை அதிராமலிருக்க இரண்டு விநாடி தாமத டைமர் போதும்.

மடிந்த இலை, சுருண்ட சருகு என்றால் சமாந்தரம் நடக்காது. அங்கே அடுக்குப் படம்தான். குவியத்தை அரை மில்லிமீற்றர் அளவு நகர்த்தி நகர்த்திப் பத்து இருபது படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றாக்கவேண்டும். ஒவ்வொரு படத்தின் தெளிந்த பகுதியும் அடுத்ததோடு கொஞ்சம் மேற்படியவேண்டும். வீட்டுக்குள், மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ஒரு தடவை அதை மறந்து முப்பது படம் எடுத்தேன். ஒன்றாக்கியபோது அந்தச் சருகுக்கு மூன்று விளிம்பு இருந்தது.

மூன்று வெளிச்சம், விவரமாக

முன்வெளிச்சத்தில் எதிரி மினுக்கம். மெழுகுத்தோலில் பட்டுத் தெறிக்கும் ஒளி இலைக்குள் போகாமலே திரும்புகிறது. அதனால் அதில் இலையின் நிறம் கிடையாது, வானத்தின் வெள்ளையோ நீலமோதான் இருக்கும். அந்தத் தெறிப்பு பெருமளவு ஒரே தளத்தில் அதிர்வதால், போலரைசர் வடிகட்டியைச் சுழற்றி அதை வெட்டலாம். ஒளி இலைத் தளத்திலிருந்து சுமார் 35 பாகை சாய்வில் தெறித்து லென்ஸுக்கு வரும்போதுதான் இது முழுப்பலன் தரும், நேர் மேலேயிருந்து பார்க்கும்போது பெரிதாக ஒன்றும் நடக்காது. மாவிலை, குரோட்டன், பலா இலைகளில் வடிகட்டியைச் சுழற்றும்போது சாம்பல் திரை விலகி நிறம் ஊறி வருவதைப் பார்ப்பது தனிச் சந்தோசம். போனில் எடுப்பவர்கள் போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், அதே வேலை செய்யும். ஒன்றரை ஸ்டொப் அளவு வெளிச்சம் குறையும் (ஒரு ஸ்டொப் குறைந்தால் வெளிச்சம் பாதி, கூடினால் இரு மடங்கு) என்பதை நினைவில் வையுங்கள். எல்லா மினுக்கத்தையும் துடைத்தெடுத்தால் இலை கடுதாசியில் வெட்டியதுபோல உயிரற்று இருக்கும். நான் கொஞ்சம் விட்டுவைப்பேன்.

வடிகட்டி இல்லையா? மேகம் மூடிய நாளில் எடுங்கள். அல்லது வெயிலுக்கும் இலைக்கும் நடுவில் எண்ணெய்த்தாளோ வெள்ளை வேட்டியோ பிடியுங்கள். நான்கு முழ வேட்டியைவிட நன்றாக வெயிலைப் பரப்பி மென்மையாக்கும் பொருள் கடையிலும் கிடைக்காது.

பக்கவெளிச்சத்தை இரவில் பழகுவதே சிறப்பு. அறையை இருட்டாக்கி, இலையை மேசையில் வைத்து, ரோச் லைட்டை மேசைப் பலகையோடு ஒட்டிப் படுக்கவையுங்கள். கமராவை 2 விநாடி ஷட்டரில் வைத்து, ரோச்சை மெதுவாக உயர்த்தியும் தாழ்த்தியும் படம் படமாக எடுத்துப் பாருங்கள். கற்றை எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு மேடுபள்ளம். மிகவும் தாழ்ந்தால் நரம்புகளின் நிழல் இடைவெளிகளை விழுங்கிவிடும். அப்போது எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கடுதாசியை நிறுத்தினால் நிழலுக்குள் கொஞ்சம் உயிர் வரும். இன்னொன்று: இலையைக் கவிழ்த்துப் போடுங்கள். நரம்பு முதுகுப்பக்கம்தான் புடைத்திருக்கும். தேக்கு, பலா, வாதுமை இலைகளின் முதுகைப் பக்கவெளிச்சத்தில் பார்த்தால், மேலேயிருந்து பார்த்த வயல் வரம்பு மாதிரி இருக்கும். தம்பலகாமத்துப் பக்கம் போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எருக்கலையின் இலையில் மாவு பூசியதுபோலத் தெரியும் மென்மயிரும் இந்த வெளிச்சத்தில்தான் பிடிபடும்.

பின்வெளிச்சத்துக்கு எளிய மேடை யன்னல் கண்ணாடி. உள்பக்கம் இலையை ஈரத்தால் ஒட்டுங்கள். வெளியே மேகமூட்டமான வானம் இருந்தால் அதுவே வெள்ளைப் பின்னணி. நீலவானமாக இருந்தால் கண்ணாடிக்கு வெளியே வெள்ளைக் கடுதாசி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் பச்சைக்குள் நீலம் கலக்கும். இரவில் டப்லெட் திரையை வெண்மையாக்கி மேடையாகப் பயன்படுத்தலாம். ஆனால் இலையை நேரே திரையில் வைத்தால் திரையின் பிக்சல் புள்ளிகளும் படத்தில் வரும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, நாலைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் கண்ணாடித் துண்டைப் படுக்கவைத்து, அதன் மேல் இலையை வையுங்கள். புள்ளிகள் கரைந்துபோகும்.

பின்வெளிச்சத்தில் கமராவின் வெளிச்ச அளவி ஏமாறும். இலையைச் சுற்றி வெள்ளை தெரிந்தால் ‘அதிக வெளிச்சம்’ என்று எண்ணி இலையைக் கறுப்பாக்கிவிடும். ஒரு ஸ்டொப் கூட்டிக் கொடுங்கள். அல்லது படம் முழுவதும் இலையே நிறையும்படி நெருங்குங்கள், பிரச்சினை தானாகப் போய்விடும்.

நிறம் பொய் சொல்லாமலிருக்க

மரநிழலில் விழும் வெளிச்சம் பல இலைகளினூடாக வடிந்து வந்தது, அதனால் அதுவே பச்சை. நீங்கள் போட்டிருக்கும் சேர்ட்டும் இலையில் நிறம் பூசும். ஒருநாள் காவிச் சாரத்தோடு முற்றத்தில் குந்தி எடுத்த வெற்றிலைப் படங்கள் எல்லாம் ஏன் நோய்ப்பட்டதுபோல இருக்கின்றன என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. வெள்ளை, சாம்பல், கறுப்பு உடுத்துங்கள். ஒவ்வொரு வெளிச்சத்திலும் முதல் படத்தில் சாம்பல் அட்டை ஒன்றை இலைக்குப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பின்னால் அதைத் தொட்டு வெண்சமநிலையை, அதாவது வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறத்தை, சரிசெய்யலாம். சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பாக எடுத்தால்தான் இது முழுதாகப் பலிக்கும். ஜேபெக்கில் கமரா முடிவெடுத்துவிடும்.

பச்சையைவிடச் சிவப்பு சிக்கலானது. காரணம் சென்சருக்குள் இருக்கிறது. கோடாக் நிறுவனத்தில் வேலை செய்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒழுங்குதான் இன்றும் பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். ஆகவே பச்சை இலையின் நுணுக்கத்தைப் பாதிப் புள்ளிகள் பதிவுசெய்கின்றன. சிவந்த வாதுமைக்குக் காற்பங்குதான். அதோடு சிவப்பு மட்டும் முதலில் நிறைந்து வழிந்துவிடும். திரையில் மொத்த வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) ஒழுங்காக இருக்கும், சிவப்போ உள்ளே எந்த நரம்பும் தெரியாத வண்ணப்பூச்சாக மாறியிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் வரைபடத்தை இயக்கிப் பாருங்கள். போனில் அந்த வசதி இல்லாவிட்டால் மூன்றில் இரண்டு ஸ்டொப் குறைத்து எடுங்கள்.

மலிவு எல்ஈடிகளில் ஆழ்சிவப்பு குறைவு, அதனால் சிவப்பிலை மண்ணாகத் தெரியும். வாங்கும்போது பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையா, பகல் வெளிச்சத்துக்குக் காத்திருங்கள்.

துளிகள்

போத்தலால் தெளித்த தண்ணீருக்கும் மழைத்துளிக்கும் வித்தியாசம் படத்தில் தெரியும். தெளித்தது ஒரே அளவில் பொட்டு வைத்ததுபோல நிற்கும். மழைக்குப் பிறகு போவதே மேல்.

தாமரை இலையும் சேம்பிலையும் தனி ரகம். தாமரை இலைத் தண்ணீர்போல ஒட்டாமல் இருப்பது என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அதன் காரணத்தை ஜேர்மன் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லொட்டும் அவருடைய சகாவும் 1997இல் விரிவாக எழுதினார்கள். இலைமேல் நுண்ணிய மேடுகள், அவற்றின் மேல் அதைவிட நுண்ணிய மெழுகு முட்கள். துளி அந்த முனைகளில் மட்டும் உட்காருவதால் கீழே காற்று அகப்பட்டு நிற்கிறது, உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. அந்த மேடுகள் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு அளவு, நம் லென்ஸுக்கு எட்டாது. எட்டுவது அவற்றின் விளைவு: துளிக்கு அடியில் வெள்ளிபோல மின்னும் காற்றுப் படலம். அது தெரிய இலையை மேலேயிருந்து பார்க்காமல், கமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கிச் சாய்வாகப் பாருங்கள். குளத்தில் இறங்கவேண்டாம். தாமரைக் கொடி காலில் சுற்றினால் ஆபத்து. கரையோர இலை போதும், சேம்பு என்றால் கிணற்றடியிலேயே முடிந்துவிடும்.

துளி ஒரு லென்ஸ் என்பதால் பின்னால் இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். துளிக்குள் குவியம் வைக்கிறீர்களா, இலையிலா என்று முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள். இரண்டும் ஒரே தளத்தில் இல்லை.

எடுத்த பிறகு

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெண்சமநிலை, வெளிச்சம், தேவையானால் வெட்டு. நிறச்செறிவுக் கோலை இழுக்கும் ஆசை வரும். இழுத்தால் மஞ்சளுக்கும் பச்சைக்கும் நடுவிலிருக்கும் நூறு நிறங்களும் இரண்டாகிவிடும். கூர்மையாக்குவதைப் படத்தை முழு அளவில் பார்த்துக்கொண்டு செய்யுங்கள், நரம்போரத்தில் வெள்ளைக் கோடு வந்தால் அதிகமாகிவிட்டது. தூசி இருந்தால் படத்தில் அழிப்பதைவிட, எடுக்குமுன் மெல்லிய தூரிகையால் இலையைத் துடைப்பது பத்து மடங்கு சுலபம். இதை நான் ஒவ்வொரு தடவையும் மறந்து ஒவ்வொரு தடவையும் வருந்துகிறேன்.

கடற்கரையிலிருந்து வந்த அன்றே கமராவையும் முக்காலிக் கால்களையும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்துவிடுங்கள். லென்ஸ் கண்ணாடியை முதலில் ஊதி மணலைப் போக்கிய பிறகுதான் துடைக்கவேண்டும், இல்லாவிட்டால் மணலே அரம்போலக் கீறும். மாரிக்காலத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும், அது கண்ணாடியில் வேர்விட்ட மாதிரிப் படரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், அரிசித்தூள் வளையங்களுக்குள் போய்விடும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கொப்பியும் இருக்கட்டும். அன்று எடுத்த இலையை அதற்குள் வைத்து, எந்த இடம், எந்த வெளிச்சம் என்று பென்சிலால் எழுதிவைத்தால் அடுத்த வருடம் அதே மரத்தடிக்கு எந்தக் கிழமை போகவேண்டும் என்று தெரியும்.